பல்பை அமுக்கினால் எடுக்கிறது

கடந்த ஆடி மாதத்தில் மூன்று வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பம்பு. அண்ணனின் பைபர் வள்ளத்தின் பின்தட்டில் வெளியே மாட்டியிருக்கும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினின் எரிபொருள் பம்பு அது. அதைப் பிரித்து, மாற்று உள்பாகங்கள் அடங்கிய புது கிட் போட்டுப் பூட்டியவன் நான். பூட்டிய மறுநாளே, கடியப்பட்டணம் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், எஞ்சின் மூச்சு வாங்கித் தளர்ந்து நின்றது. அதன்பின் அந்தப் பம்பை ஐந்து முறை பிரித்தேன். ஐந்து முறையும் அதில் ஒரு குறையும் தட்டுப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் குறை அதற்குள்தான் இருக்கிறது என்ற உறுதியோடுதான் திருப்புளியைக் கையில் எடுத்தேன். அந்த உறுதி எனக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்றுவரை மனத்தை விட்டுப் போகாததால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

காலமும் சரியில்லாத காலம். குளச்சல் பக்கத்து விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அந்த 61 நாளும் மீன் கொண்டுவருவது எங்களைப் போன்றவர்களின் வள்ளமும் கட்டுமரமும்தான். ஆகவே கிடைக்கிற நாலு நெய்மீனுக்கும் அயலைக்கும் நல்ல விலை உண்டு. ஆனால் அதே இரண்டு மாதம்தான் ஆனி ஆடிக் கடல். அலை உடையும் இடத்தைத் தாண்டும் நேரத்தில் எஞ்சின் நின்றால், வள்ளம் குறுக்கே திரும்பி, அடுத்த அலை அதைப் புரட்டிப்போடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு எங்கள் வீடுகளில் ‘எஞ்சின் நின்னுபோச்சு’ என்ற வார்த்தையை யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. அதைக் கேட்டதும் அண்ணி கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றதை நான் பார்த்தேன். அந்த எஞ்சினில் கடைசியாகக் கைவைத்தவன் நான்.

பிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு வருடமாகவே எஞ்சினுக்குப் பழைய வேகம் இல்லை. வயதாகிவிட்டது என்று விட்டிருந்தோம். பம்புக்கு ஆறு வருடமாகக் கிட் மாற்றவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது, எங்கள் ஊரில் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருப்பலி முடிந்து வந்ததும் பிரித்தேன். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்துவிட்டு நாகர்கோவிலில் வேறு வேலை பார்ப்பவன்தான் என்றாலும், வீட்டு எஞ்சினை வெளியாளிடம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. உள்ளே இருந்து எண்ணெயை இழுத்துத் தள்ளும் மெல்லிய சவ்வான டயாபிரம் ஓட்டை விழாமல்தான் இருந்தது, ஆனால் காய்ந்த கருவாட்டுத் தோலைப்போல் விறைத்திருந்தது. விரலால் அழுத்தினால் நெளியவில்லை, மடங்கியது. இதுதான் வேகக் குறைவுக்குக் காரணம் என்று எண்ணினேன். அந்த எண்ணம் சரியாகவே இருந்தது என்பதுதான் பின்னால் வந்த குழப்பத்தின் வேர்.

நொடிக்கு எண்பது துடிப்பு

இந்தப் பம்பை ஓட்ட மின்சாரமும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே இருக்கும் கிராங்க் பெட்டிக்குள் உறிஞ்சல் உண்டாகிறது, கீழே இறங்கும்போது அழுத்தம் உண்டாகிறது. அந்த மூச்சு ஒரு சிறு துளை வழியாகப் பம்புக்குள் வந்து டயாபிரத்தை இழுத்துத் தள்ளுகிறது. டயாபிரத்தின் மறுபக்கத்தில் இரண்டு சிறு வால்வுகள்; நகக்கண் அளவுள்ள மெல்லிய தகடுகள் அவை. ஒன்று எரிபொருளான மண்ணெண்ணெயை உள்ளே வரமட்டும் விடும், மற்றொன்று வெளியே போகமட்டும் விடும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் டயாபிரம் நொடிக்கு 80 தடவைக்கு மேல் துடிக்கிறது. முழு வேகத்தில் மணிக்கு 5 லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு துடிப்புக்குப் பம்பு நகர்த்துவது ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறிய வேலையை இவ்வளவு வேகமாகச் செய்கிற ஒன்றில் எங்கோ ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது காற்றை இழுக்கும், எண்ணெயை இழுக்காது. அதனால்தான் என் சந்தேகம் முழுவதும் என் கைவேலையின்மேல் விழுந்தது.

முதல் முறை பிரித்தபோது, பாகங்களுக்கு இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டின் வரிசையைப் பார்த்தேன். கேஸ்கெட்டை மாற்றிப் போட்டால் கிராங்க் பெட்டியின் மூச்சு வரும் துளை அடைபட்டுவிடும். பம்பு செத்த பம்புதான். துளை திறந்தே இருந்தது. அப்படி அடைந்திருந்தால் எஞ்சின் தொடக்கத்திலேயே எண்ணெய் இல்லாமல் நின்றிருக்க வேண்டும், ஆனால் இதுவோ மெதுவாக ஓட்டினால் நாள் முழுக்க ஓடும். வேகக் கைப்பிடியை முழுதாகத் திருகினால்தான் இரண்டு மூன்று நிமிடத்தில் தளரும். இரண்டாம் முறை பம்பின் உடலைப் பார்த்தேன். திருகுகளை ஒரே பக்கமாக இறுக்கினால் அந்த மெல்லிய வார்ப்பு வளைந்துவிடும் என்பது தெரிந்ததுதான். கண்ணாடித் துண்டின்மேல் நீர்த்தாள் என்னும் உப்புத்தாளை விரித்து, மண்ணெண்ணெய் தொட்டு, பம்பின் முகத்தை எட்டுப் போடுவதுபோல் தேய்த்தேன்; முகம் முழுக்க ஒரே சீராக மினுங்கியது, பள்ளம் எங்கும் இல்லை. திரும்பப் பூட்டும்போது எதிரெதிர்த் திருகுகளாக, கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினேன். மூன்றாம் முறை வால்வுகளை வாயால் சோதித்தேன். உள்ளே வரும் குழல்வாயில் உதட்டை வைத்து ஊதினால் போக வேண்டும், உறிஞ்சினால் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் நடந்தன. வாயில் இரண்டு நாள் மண்ணெண்ணெய் வாடை நின்றது.

ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன். டயாபிரத்தில் ஊசித்துளை இருந்தால், அது மூச்சு வாங்கும் சிலிண்டருக்குள் எண்ணெய் நேராக இறங்கி, அந்த ஒரு பிளக் மட்டும் நனைந்து கறுத்திருக்கும். எங்களுடையதில் இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி, உலர்ந்து வெளுத்திருந்தன. அதாவது இரண்டு சிலிண்டருக்குமே எண்ணெய் போதவில்லை. கரையில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் மாட்டி ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. டிரம்முக்குள் முழுவேகம் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் கடலின் பாரம் அங்கே இல்லை என்பதை அந்த வாரம் நான் யோசிக்கவே இல்லை. டிரம்மில் ஓடுகிறதே, ஓடுகிறதே என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியலில் அவர் போய், எஞ்சின் நின்று, துடுப்புப் போட்டுத் திரும்பி வருவார். நான்காம் நாள் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்களின் வள்ளத்தில் பங்குக்குப் போனார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை.

பழைய டயாபிரம் சொன்ன சாட்சி

நான்காம் முறைதான் என்னை முழுதாக வழிதவற வைத்தது. புது டயாபிரத்தை எடுத்துவிட்டு, தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த விறைத்த பழைய டயாபிரத்தையே திரும்பப் போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். அண்ணன் போனார், மீன் பிடித்தார், வந்தார். வேகம் பழைய குறைந்த வேகம்தான்; ஆனால் எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை. புதியதைப் போட்டால் நிற்கிறது, பழையதைப் போட்டால் ஓடுகிறது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? கிட் டூப்ளிகேட் என்று முடிவுகட்டினேன். வாங்கிய கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போது, போலிச் சாமான் விற்றுக் கடலில் போகிறவன் உயிரோடு விளையாடுகிறீர்கள் என்று பேசிவிட்டேன். அந்தக் கடைக்காரர் பதில் பேசாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வேறொரு ஊரில், வேறொரு கடையில் இன்னொரு கிட் வாங்கிப் போட்டேன். எஞ்சின் மறுபடி அதே இரண்டாவது நிமிடத்தில் நின்றது.

எங்கள் கரையில் அவுட்போர்டு வேலை பார்க்கும் ஆசான் ஒருவர் உண்டு. அனுபவசாலி, நான் மதிக்கிறவர். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எஞ்சின் தளரும்போ பல்பை அமுக்கினா எடுக்குதா?” டேங்கிலிருந்து வரும் ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பைத்தான் கேட்டார். எடுக்கிறது, அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றார் அண்ணன். “அப்போ பம்பு போச்சு. கிட் போட்டு ஆகாது, பம்பையே மாத்து” என்று ஆசான் முடித்துவிட்டார். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விதி. பம்பு செய்ய வேண்டிய வேலையைக் கை செய்தால் எஞ்சின் ஓடுகிறது. ஆகவே பம்பு வேலை செய்யவில்லை. கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! பம்பின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதித்துப் பார்த்த எனக்கே அந்த விதிக்கு எதிராகச் சொல்ல ஒன்றும் வரவில்லை. புதுப் பம்புக்குப் பணம் புரட்டத் தொடங்கினோம்.

அன்று சாயங்காலம் சித்தப்பா கரையில் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அவுட்போர்டு எஞ்சின்கள் எங்கள் கரைக்கு வந்த எண்பதுகளில் அதை ஓட்டப் பழகிய ஆட்களில் ஒருவர். நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “பல்பை அமுக்கினா எடுக்குது, எடுக்குதுன்னு சொல்லிட்டே இருக்கியளே மக்கா, அமுக்கும்போ பல்ப் கைக்கு எப்படி இருந்துது? வயிறு ஒட்டிக் கெடந்துதா, நெறஞ்சு கெடந்துதா?”

நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார். மூன்று வாரமாகப் பல்பை அமுக்கிக்கொண்டிருந்த எங்கள் இருவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. எஞ்சின் எடுக்கிறதா என்றுதான் பார்த்தோம். கைக்குள் இருந்த பல்பை யாரும் கவனிக்கவில்லை.

கைக்குத் தெரிந்தது

மறுநாள் காலை நானும் வள்ளத்தில் ஏறினேன். அலை ஓய்ந்த ஒரு இடைவெளி பார்த்து வெளியே போனோம். முட்டத்துப் பாறைகள் இடப்பக்கம் தெரியும் தூரத்தில் அண்ணன் முழுதாகத் திருகினார். நான் பின்தட்டுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பல்பை அமுக்காமல், முட்டையைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். டேங்க் பக்கத்தில் அடைப்பு இருந்தால், அதாவது மூடியின் காற்றுத்துளை திறக்காமலோ உள்ளே இருக்கும் வலைத்தட்டு அழுக்கேறியோ இருந்தால், பம்பு இழுக்க இழுக்கப் பல்ப் வற்றித் தட்டையாகும். அப்படி ஆகவில்லை. எஞ்சின் சத்தம் தளரத் தொடங்கியபோதும் பல்ப் நிறைந்து, கெட்டியாக, அசையாமல் இருந்தது. எண்ணெய் பல்ப் வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே போகவில்லை.

எஞ்சின் நிற்கப்போகும் நேரத்தில் மெதுவாக அமுக்கினேன். என் வாழ்நாளில் நூறு முறை அமுக்கிய பல்ப்தான். ஆனால் அன்று வேகமாகப் பிசையாமல், ஒரே ஒரு முறை, நிதானமாக அமுக்கினேன். முதலில் பல்ப் நெளிய மறுத்தது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினேன். அப்போது, ஒட்டியிருந்த இரண்டு ஈர இலைகள் பிரிவதுபோல், எங்கோ ஒன்று விலகி வழிவிட்டது. எண்ணெய் போனது, எஞ்சின் எடுத்தது. கையை எடுத்தேன். சிறிது நேரத்தில் மறுபடி தளர்ந்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அந்தத் தடை, மறுபடி அந்த விலகல். பம்பின் வால்வுகள் எண்ணெய் போகும் திசையில் இப்படித் தடுக்காது. வாயால் ஊதியே பார்த்தவன் நான். அப்படியானால் தடுப்பது பம்புக்கு முன்னால் இருக்கிறது. பல்புக்கும் பம்புக்கும் இடையில் இருந்தது ஒன்றரை மீட்டர் கறுப்பு ஹோஸ் மட்டும்தான். வெடிப்பில்லை, கசிவில்லை, கிளிப் இறுக்கமாக இருந்தது. வெளியே அது ஒரு குற்றமும் இல்லாத ஹோஸ். அதைக் கழற்றிப் பார்க்கும் எண்ணம் மூன்று வாரத்தில் எங்கள் ஒருவருக்கும் வரவில்லை.

கரைக்கு வந்ததும் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் இரண்டு மீட்டர் இரவல் வாங்கினோம். ஹோஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, அப்போதே திரும்ப வள்ளத்தைத் தள்ளினோம். பம்பில் இருந்தது இரண்டாவது கடையில் வாங்கிய அதே கிட். அண்ணன் திருகினார். டியூபுக்குள் எண்ணெய் ஒரு காற்றுக்குமிழி இல்லாமல், முறியாமல் ஓடுவதை வெயிலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் கடந்தது, ஐந்து கடந்தது, பத்து கடந்தது. வள்ளத்தின் மூக்கு ஒரு வருடமாக அப்படி எழும்பியதில்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வள்ளியாறு கடலில் சேரும் இடம்வரை நேராக ஓட்டிக்கொண்டே போய், பெரிதாக ஒரு வட்டமடித்துத் திரும்பினார்.

கழற்றிய ஹோஸை வீட்டில் வைத்துச் சோதித்தேன். ஒரு நுனியில் ஊதினால் காற்று போகிறது. அதே நுனியில் உறிஞ்சினால் கொஞ்சம் வருகிறது. பலமாக உறிஞ்சினால் சட்டென்று அடைத்துக்கொள்கிறது. மீன் அறுக்கும் கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு உட்தோல் வெளித்தோலிலிருந்து பிரிந்து, பாம்புச் சட்டைபோல் தளர்ந்து தொங்கியது. மெதுவாக இழுத்தால் அது சுவரோடு ஒதுங்கி வழிவிடுகிறது. வலுவாக இழுத்தால் தானே உள்ளே சுருண்டு வழியை மூடிவிடுகிறது. பல்பிலிருந்து அழுத்தம் வந்தால் திரும்பச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பின்தட்டில் ஹோஸ் வளைந்து திரும்பும் இடத்தில்தான் அந்தப் பிரிவு தொடங்கியிருந்தது. நாள் முழுக்க வெயில், ஒரே இடத்தில் வளைவு, மண்ணெண்ணெயும் தொடக்கத்துக்கான பெட்ரோலும் மாறிமாறி ஓடுதல், அந்தப் பெட்ரோலிலும் 2023 முதல் கலந்துவரும் 20 சதவீத எத்தனால்: இதையெல்லாம் தாங்குவதற்கென்று செய்யாத ரப்பர் எப்படித் தாங்கும்?

அப்போதுதான் பழைய டயாபிரத்தின் சாட்சி எனக்கு விளங்கியது. அது பொய் சொல்லவில்லை. விறைத்த டயாபிரத்தால் வலுவாக இழுக்க முடியவில்லை. ஆகவே உட்தோல் சுருளவில்லை. ஆகவே எஞ்சின் குறைந்த வேகத்திலாவது நிற்காமல் ஓடியது. அந்த ஹோஸின் நோயை ஒரு வருடமாகப் பம்பின் பலவீனம் மறைத்து வைத்திருக்கிறது. நான் பம்பைச் சரியாக்கினேன்; சரியான பம்பு முழு வலுவோடு இழுத்தது; இழுத்த இழுப்பில் ஹோஸ் தன்னை மூடிக்கொண்டது. என் வேலை சரியாக இருந்ததால்தான் எஞ்சின் நின்றது. இதை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மறுக்கிறார்கள். கிழித்த ஹோஸைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.

பல்பை அமுக்கினால் எடுக்கிறது என்ற விதி தப்பல்ல. எண்ணெயைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு எண்ணெய் போதவில்லை என்று மட்டும் அது சொல்கிறது; போகவிடாமல் தடுப்பது எது என்று அது சொல்லவில்லை. அந்தப் பாதியை நாங்கள் எல்லோரும் எங்கள் பங்குக்குச் சேர்த்துக்கொண்டோம். பம்புக்கு ஒரு பெயர் இருக்கிறது, கிட் இருக்கிறது, பிரித்துப் பார்க்க உள்ளே பாகங்கள் இருக்கின்றன. ஹோஸுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால் பழியைப் பம்பின்மேல் ஏற்றுவது எங்களுக்கு எளிதாக இருந்தது. இதில் எனக்கு ஆற்றாமையும் உண்டு. கடனை வாங்கிப் புதுப் பம்பு மாற்றியிருந்தால் அதுவும் அதே இடத்தில் நின்றிருக்கும். அதன்பின் கார்புரேட்டர், அதன்பின் எஞ்சினே. இப்படித் தொடர்ந்து சாமான் மாற்றி, கடைசியில் எஞ்சினைப் பாதி விலைக்கு விற்ற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களின் ஹோஸை யாராவது கிழித்துப் பார்த்திருப்பார்களா?

எரிபொருளுக்கென்றே செய்த ஹோஸ் வாங்கி மாட்டினோம். கொத்தனாரின் பிளாஸ்டிக் டியூப் வெயிலில் விறைத்துப்போகும், சோதனைக்கு மட்டுமே ஆகும். பின்தட்டில் கூர்மையாக வளையாதபடி ஒரு கை நீளம் கூடுதலாக விட்டோம். மாட்டிய தேதியை அண்ணன் வெள்ளைப் பெயின்டில் ஹோஸின்மேலேயே எழுதி வைத்தார். அடுத்த நாள் நான் முதலில் போனது அந்தக் கடைக்கு. நான் ஏசியபோது நின்றவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கிழித்த ஹோஸைக் காட்டி, உங்கள் கிட்டில் தப்பில்லை, என்மேல்தான் தப்பு என்று சொன்னேன். அவர் ஹோஸை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவர் திருப்பிக் கொடுத்த பணத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து ஆசானிடம் போனேன். சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தது. பெரியவர், தொழில் கற்றவர். ஹோஸை அவர் கையில் கொடுத்தேன். விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார், பிரிந்த உட்தோலை விரல் நுனியால் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த வருசம் மூணு பம்பு மாத்தியிருக்கேன் மக்கா” என்றார். எழுந்து உள்ளே போய், பழைய சாமான் போட்டு வைக்கும் சாக்கை இழுத்து வந்து, அதிலிருந்து ஒரு பம்பைத் தேடி எடுத்து, துணியால் துடைத்து, என்னிடம் திருப்புளியை நீட்டினார். நான் திருகுகளைக் கழற்றினேன். டயாபிரம் மெத்தென்று இருந்தது, ஓட்டை இல்லை; இரண்டு வால்வும் தத்தம் இடத்தில் படிந்து கிடந்தன.